சிற்றூர் நகரான வரலாறு



ஜூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், நன்கொடை தந்தோர் பெயர்களும் இடம் பெறுவது வழக்கம். அவற்றைப் பிற பக்கங்களில் காண்பீர்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட இச்சில பக்கங்களில், கோவிலைச் சுற்றியுள்ள நம் ஊரைப் பற்றி எழுத விரும்புகிறேன். பங்கு என்பது வானத்தில் தொங்குவதன்று. அது ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு வாய்க்காலின் ஓரத்தில் நிற்பது. அந்த ஊர் நகரமானது எப்படி, எப்போது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

காரைக்கால் நகரமானது எந்த ஆண்டில் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் 1739 என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் கொடியேற்றிய ஆண்டு அது. நான் சொல்ல விரும்புவது 1880. காரணத்தைப் படிப்படியாகக் கூறுகிறேன்.

ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு ஊர் இருந்தது. காரை என்பது சுண்ணாம்புச் சாந்து, கால் என்பது வாய்க்கால், சாந்திட்டுக் கட்டிய வாய்க்காலால் வந்த பெயர் என்று பெரியோர் சொல்வார்கள். அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவரான காரைக்கால் அம்மையார் இவ்வூர் வணிகர் வீட்டுப் பெண். புனிதவதியார் என்பது பிள்ளைப் பெயர். கணவன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சி, கப்பலேறிப் போனவன் என்று பெரிய புராணம் சொல்லும். ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும்போது பலருக்கும் மாம்பழம்தான் கண்ணில் படுகிறது. எனக்கு அந்தக் கப்பல் நினைவுக்கு வரும். அக்காலத்திலேயே இங்குள்ளோர் கடல் வாணிகம் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

ஆயினும் அப்போது காரைக்கால் பேரூர் அன்று. தெற்கே திருமலைராயன்பட்டினம் பெயரிலேயே பட்டினத்தைச் சுமந்து நின்றது. காளமேகப் புலவர் வசை பாடி மண்மாரி பொழியச் செய்ததாகக் கதை வழங்குவது அவ்வூரைப் பற்றித்தான். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் தம் ஏடுகளில் அப்பட்டினத்துக்கு வைத்த பெயர் ‘கிராந்த் அல்தே’. அல்தே என்பது கிராமம் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, நம்மவர் பட்டினம் என்றதை அவர்கள் பெரிய கிராமம் என்றார்கள். அரசலாற்றங்கரையில் கிடந்த சிற்றூரை நகரம் என்றார்கள். எழுதுகிறவன் கையில் அதிகாரம் இருந்தால் ஊரின் தரமே மாறிவிடுகிறது.

இனி 1739க்கு வருவோம். தஞ்சை மராத்திய மன்னர் குடும்பத்தில் அரியணைச் சண்டை நடந்த காலம். பதவியிழந்த சாகுஜி 1738ல் புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டார். பேரம் படிந்தது: 40,000 சக்கரத்துக்குக் காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, உடன் ஐந்து கிராமங்கள். அரியணை திரும்பக் கிடைத்ததும் மன்னர் கொடுத்த வாக்கை மறக்கப் பார்த்தார். தஞ்சையோடு பகை கொண்டிருந்த சந்தா சாகிப் தலையிட்டு இடத்தைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரி 14ஆம் நாள் பிரெஞ்சுக்காரர் காரைக்காலை ஏற்றுக்கொண்டனர். அதன் பிறகும் பேரம் ஓயவில்லை. பணம் போதாது என்று தஞ்சை கேட்பதும், கொஞ்சம் கொடுத்து இன்னும் சில கிராமங்களைப் புதுச்சேரி வாங்குவதுமாகப் பத்து ஆண்டுகள் கழிந்தன. 1749ல் பிரதாப சிங் மன்னர் சுற்றியுள்ள 81 கிராமங்களை விட்டுக்கொடுத்தபோதுதான் இன்றைய காரைக்கால் பகுதியின் உருவம் ஏறக்குறைய அமைந்தது. வரைபடத்தில் நம் எல்லைக்கோடு இப்படி வளைந்து நெளிந்து போவானேன் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்த வளைவுகளை வரைந்தவை ஆறோ மலையோ அல்ல; கடன் பத்திரங்கள்.

இந்தப் பேரத்தில் எவரும் கேட்காத ஒன்று உண்டு. அந்த 81 கிராமங்களில் உழுதவரும் வலைவீசியவரும் என்ன நினைத்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. நிலத்தோடு நெல்லோடு அவர்களும் கைமாறினார்கள். கட்டுரை முழுவதும் வாசகர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பிறகு போர்க்காலம். 1758ல் நம் கடலுக்கு எதிரிலேயே ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. தஞ்சையை முற்றுகையிட்டிருந்த லல்லி அச்செய்தி கேட்டுக் காரைக்காலுக்குப் பின்வாங்கினார். 1760ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தனர். 1765ல் திருப்பித் தந்தனர். 1778ல் மீண்டும் பிடித்து, 1785ல் தந்து, 1793ல் மறுபடி பிடித்தனர். கடைசியாக 1814ஆம் ஆண்டுப் பாரீஸ் உடன்படிக்கையின்படி 1817ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. எண்பது ஆண்டுக்குள் ஆறு முறை கொடி மாறிற்று. எந்த முறையும் ஊராரைக் கேட்கவில்லை.

அவ்வுடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது. பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டக்கூடாது. காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கவும் கூடாது. அவமானம் என்று அவர்கள் கருதியிருக்கலாம். ஊருக்கு அது நன்மையாகவே முடிந்தது என்பது என் எண்ணம். கோட்டையும் கொத்தளமும் இல்லாத ஊர், வாணிகத்தை நம்பித்தான் வாழவேண்டியிருந்தது. நேரான தெருக்களும் கடைவீதியும் ஆற்றங்கரைத் துறையும் முக்கியமாயின. காவிரியின் கடைமடையில் விளைந்த நெல் துறைமுகத்தின் வழியாக இலங்கைக்குப் போயிற்று. கைலாசநாதர் கோவிலும், மாதா கோவிலும், மஸ்தான் சாகிப் தர்காவும் நடந்து போகும் தூரத்துக்குள் ஒரே ஊரில் அமைந்திருப்பது அந்த வாணிகக் காலத்தின் கொடை.

துறைமுகத்திலிருந்து நெல் மட்டும் ஏறவில்லை, மனிதரும் ஏறினர். பிரெஞ்சு நாட்டார் தம் தீவுகளில் அடிமை முறையை 1848ல் ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினர். ஒப்பந்தக் கூலிகளாக நம் கடற்கரையிலிருந்து ரெயூனியனுக்கும், 1853 முதல் மர்த்தினீக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். 1861ல் ஆங்கிலேய அரசோடு உடன்படிக்கை ஏற்பட்டபின் ஆங்கிலப் பகுதியிலிருந்தும் ஆள் திரட்ட வழி பிறந்தது. 1888ல் ஆங்கிலேய அரசு இதை நிறுத்தும்வரை குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மர்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேரும் இந்தியாவிலிருந்து சென்றனர். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் புறப்பட்ட துறைகளுள் முக்கியமானவை. தஞ்சை வயல்களில் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் போனார்கள், திரும்பியவர் சிலரே. அவர்கள் பெயர்கள் அத்தீவுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் சிதைந்த உருவில் வழங்குகின்றன. துறைமுகம் செழித்தது, கடைவீதி வளர்ந்தது என்று பெருமையாக எழுதும்போது இந்த வரவையும் அதே கணக்கில் எழுதுவதுதான் நேர்மை. பின்னாளில் சைகோனுக்குப் போனவர்கள் கதை வேறு. அவர்கள் எழுத்தர்களாகவும் வணிகர்களாகவும் படைவீரர்களாகவும் போய், பணமும் பென்ஷனும் கொண்டு திரும்பினர். நம் தெருக்களில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் பழைய வீடுகள் சிலவற்றுக்கு அஸ்திவாரம் சைகோனில் போடப்பட்டது எனலாம்.

இப்போது 1880. அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் பிறந்த ஆணை, பிரெஞ்சு இந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தது. புதுச்சேரிப் பகுதிக்கு நான்கு, காரைக்கால் பகுதிக்கு மூன்று, சந்திரநாகூர், மாஹே, ஏனாம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. நம் மூன்று காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. ஒவ்வொன்றுக்கும் வாக்கினால் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு மன்றம். மன்றத்துக்குத் தலைவராக மேர். கொம்யூன் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்போல. அதற்குச் சொந்தச் சொத்து இருக்கலாம், வரவு செலவுத் திட்டம் இருக்கலாம், அது வழக்குப் போடலாம், அதன்மேல் வழக்குப் போடலாம். அதுவரை ஊரின் ரோட்டைப் போட்டவர், விளக்கை ஏற்றியவர், வரியை வாங்கியவர் எல்லாம் அரசு. 1880க்குப் பின் ஊர் என்று ஒன்று தனியாக எழுந்து நின்றது. எத்தனை மாடி வீடுகள், எத்தனை கடைகள் என்பதைக் கொண்டு கிராமம் நகரமாவதில்லை என்று நான் கருதுவது இதனால்தான்.

அன்று ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தஞ்சை மாவட்டத்தில் சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு. எல்லையைத் தாண்டி நம் பக்கம் வந்தால், வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு. கூலிக்காரனும் மீனவனும் வாக்குச் சீட்டு பிடித்தான் என்பது அக்காலத்துக்குப் பெரிய செய்தி. ஆனால் பொன்முலாம் பூச வேண்டாம். எல்லா வாக்கும் ஒரே எடை அல்ல. ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்று வைத்து, கையளவு இருந்த ஐரோப்பியருக்கு அவர்கள் தொகைக்குப் பொருந்தாத அளவு இடங்களைக் கொடுத்தார்கள். போதாததற்குத் தேர்தல் நாளில் தடியடியும், செத்தவர் பெயரில் வாக்கும், பெட்டி மாற்றுவதும் பிரெஞ்சிந்தியத் தேர்தல்களின் தீராத நோயாக இருந்தன.

இவ்விடத்தில் நம் பங்கு மக்களைத் தொடும் ஒரு விவரம் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, விரும்பும் இந்தியர் தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம். அவ்வாறு செய்தவரை ‘ரெனோன்சான்’ என்பார்கள். துறப்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிய வேண்டும். புதுச்சேரியில் இவ்வியக்கத்தை நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். வாசல் என்று பொருள். கத்தோலிக்கரும், ஒடுக்கப்பட்ட சமூகத்தாரும் மிகுதியாக இவ்வழியை நாடினர். சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு அப்பெயரின் பொருள் விளங்கியிருக்கும். 1884ல் இவர்களுக்கென்றே மூன்றாவது பட்டியல் ஒன்று ஏற்பட்டது. 1899ல் அது எடுக்கப்பட்டது. சட்டத்தில் பிரெஞ்சுக்காரனுக்குச் சமம் என்று கையெழுத்துப் போட்டவர், வாக்குப் பட்டியலில் மறுபடி பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார். நம் வீடுகளில் வழங்கும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களை விசித்திரம் என்று இளைஞர் சிரிக்கும்போது, பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

மன்றத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் தூசும் சகதியும்தான். ரோடு, சாக்கடை, சந்தை, தெருவிளக்கு, இடுகாடு. இவற்றோடு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவும் மேரின் பொறுப்பு. கோவிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருப்பதுபோல ஊருக்கும் ஒரு புத்தகம் வந்தது. ஒருவன் யார், யார் மகன், எப்போது பிறந்தான் என்பதை ஊர் தன் கையால் எழுதி வைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமையும் பென்ஷனும் தேடி அலைந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஒரு வரிதான் பின்னாளில் சோறு போட்டது.

இரும்புப் பாதை 1898 மார்ச்சில் வந்தது. பேரளத்திலிருந்து காரைக்கால்வரை சுமார் 23 கிலோமீட்டர். நெல் மூட்டையும், திருநள்ளாற்றுக்குச் சனீஸ்வரனைத் தரிசிக்க வருவோரும், எல்லையில் சுங்கச் சோதனைக்காரர்களும் அந்த மீட்டர் கேஜ் வண்டியின் நிரந்தர உறவினர். 1980களில் அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளமும் பிடுங்கப்பட்டது. 2011ல் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தது. பேரளம் பாதையும் பின்பு புதிதாக இடப்பட்டது.

1907ல் கொம்யூன்களைத் திருத்தி அமைத்தபோது நம் பகுதியில் மூன்று ஆறாயின: காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம். இந்த ஆறு பெயர்களும் இன்றுவரை மாறவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பட்டியல் வேறுபாடுகள் ஒழிந்தன. பெண்களும் வாக்குப் பெற்றனர்.

1947ல் இந்தியா விடுதலை அடைந்தபோது நாம் இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ். ஏழு ஆண்டுகள் இழுபறி. சுங்க வேலி இறுகி, அரிசியும் துணியும் எல்லையைத் தாண்டத் திணறின. இங்கே திருப்பம் என்னவென்றால், ரோட்டுக்கும் சாக்கடைக்குமாக ஏற்பட்ட மன்றம்தான் நாட்டின் தலைவிதியைச் சொல்லும் சபையானது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகில் கீழூரில் கூடி வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும். காரைக்கால் பகுதி உறுப்பினர்களும் அவர்களுள் அடக்கம். வந்திருந்தோர் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 வாக்கு, எதிர்த்து 8. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16.

சாகுஜியின் பேரத்திலிருந்து பாரீஸ் உடன்படிக்கை வரை, ஏழு முறை இவ்வூர் கைமாறியது. எந்த முறையும் ஊராரைக் கேட்கவில்லை என்று முன்பு எழுதினேன். எட்டாவது முறை கேட்டார்கள். ஒவ்வொரு குடிமகனையும் நேரில் கேட்கவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் வாக்களித்தவர்கள் மன்னர்களோ கவர்னர்களோ அல்லர். நாமே தேர்ந்தெடுத்து, நாமே திட்டி, நாமே திண்ணையில் உட்கார வைத்த நம்மூர் மெம்பர்கள். 1880ஆம் ஆண்டு ஆணை இல்லையென்றால் கீழூரில் கூட ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

இணைப்புக்குப் பிறகு ஊர் வளர்ந்த வேகத்தைப் பட்டியல் போடத் தேவையில்லை, கண்ணெதிரே இருக்கிறது. 1987ல் வேளாண் கல்லூரி, 2009ல் வாஞ்சூரில் துறைமுகம், 2010ல் தேசியத் தொழில்நுட்பக் கழகம், 2016ல் ஜிப்மர் கிளை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கிளிஞ்சல்மேடு முதல் பட்டினச்சேரி வரை கடல் கொண்டு போன உயிர்களுக்காக நாம் ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், காரைக்கால் தனி மாவட்டமாயிற்று. காவிரி நீரில் நம் யூனியன் பிரதேசத்துக்கு 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018ல் அதை உறுதி செய்தது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள் தொகை 86,838. மாவட்டம் முழுவதும் 2,00,222. திருச்சபைக் கணக்கிலும் பழைய எல்லை நிற்கிறது: சுற்றிலும் தஞ்சை மறைமாவட்டம், நடுவில் நாம் மட்டும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம்.

நகர மன்றம் என்னவாயிற்று? புதிய நகராட்சிச் சட்டம் 1973ல் இயற்றப்பட்டு 1974 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. காரைக்கால் நகராட்சியாயிற்று, மற்ற ஐந்தும் கொம்யூன் பஞ்சாயத்துகளாயின. சட்டம் வந்ததே தவிர அதன்படி தேர்தல் வரவில்லை. 1968ல் நடந்த தேர்தலுக்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006ல்தான் நடந்தது; அதுவும் நீதிமன்றத்தின் படியேறியபின். முப்பத்தெட்டு ஆண்டுகள்! 1968ல் இருபத்தொரு வயதில் முதல் வாக்கைப் போட்டவர், இரண்டாவது வாக்கைப் போடும்போது அறுபதை நெருங்கியிருந்தார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்பதும் அந்த 2006ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் நம் ஊருக்கு வந்தது. மீன் விற்ற கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு வாக்குச்சாவடிக்கு வரிசையில் நின்ற தாய்மாரை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள்.

அம்மன்றத்தின் காலம் 2011ல் முடிந்தது. 2021ல் மறுபடி தேர்தல் அறிவிக்கப்பட்டு, வேட்பு மனுவும் வழக்குமாக இழுத்து, நிறுத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலுக்கு முதன்முறையாக விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார்கள். நகர மன்றத்துக்கு வாக்களிக்கும் தேர்தல் அந்த ஆண்டும் நடைபெறவில்லை.